யாழ்ப்பாணத்தில் நின்று ரொக்கெட் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தில் ஏவப்படும் ரொக்கெட்டை வடமராட்சிக் கரையில் நின்று வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மப்பு மூடினால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வானம் வெளித்திருக்கும் நாளிலும் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். பார்க்கவேண்டிய திசையும் செக்கனும் தெரியாததுதான் காரணம். அவை இரண்டையும் முன்கூட்டியே கணித்துக்கொள்ளலாம். ரொக்கெட்டுகள் பற்றிய கேள்விகள் முதலிலும், சுற்றுப்பாதைக்குப் போய்ச் சில மணி அல்லது சில நாட்களே ஆன விண்கலங்கள் பற்றியவை பின்னாலும் வருகின்றன.

ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து எவ்வளவு தூரம்? உண்மையாகவே தெரியுமா?

யாழ் நகரம் வட அகலாங்கு 9.67, கிழக்கு நெட்டாங்கு 80.02. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளங்கள் வட அகலாங்கு 13.7, கிழக்கு நெட்டாங்கு 80.2. இடைத்தூரம் சுமார் 450 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து பார்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

பூமியின் வளைவு காரணமாக ஏவுதளமோ ரொக்கெட் கிளம்பும் கணமோ நமக்குத் தெரியாது. 450 கி.மீ. தூரத்தில் உள்ள ஒரு பொருள் சுமார் 16 கி.மீ. உயரம் ஏறிய பிறகுதான் நமது தொடுவானத்தை எட்டும். ஒளி முறிவு இதில் ஒன்றிரண்டு கிலோமீற்றரைக் குறைத்துத் தரும். ஆனால் தொடுவானத்தை ஒட்டிய இரண்டு பாகை வரை கடல் ஆவியும் புழுதியும் மறைக்கும். அதைத் தாண்ட 30 கி.மீ. உயரம் வேண்டும். 60 கி.மீ. ஏறும்போதும் நமக்கு 5 அல்லது 6 பாகைதான். ஆகவே முதல் இரண்டு நிமிடத்தில் தலைக்கு மேலே பார்ப்பதில் பயனில்லை. கடலை ஒட்டியே பார்க்கவேண்டும்.

ஏவி எத்தனை செக்கன் கழித்துத் தெரியும்?

தொடுவானம் முற்றாகத் தெளிவென்றால் 60 செக்கன் அளவில். வழமையான கடற்கரை வானில் 75 முதல் 90 செக்கன். இரண்டு நிமிடமாகியும் ஒன்றும் தெரியாவிட்டால் வடக்கில் மப்பு நிற்கிறது, அல்லது ஏவுதல் பிந்திவிட்டது.

கொம்பாஸ் இல்லாமல் சரியான திசையை எப்படிப் பிடிப்பது?

துருவ நட்சத்திரத்தைப் பிடியுங்கள். ஓரிடத்தில் அது எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த இடத்தின் அகலாங்கு. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 10 பாகை. கையை முழுவதும் நீட்டி முட்டியை மூடினால் அதன் அகலமும் ஏறத்தாழ 10 பாகை. முட்டியின் அடிவிளிம்பைத் தொடுவானத்தில் வைத்தால் மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் நிற்கும். ரொக்கெட் அதற்குக் கீழே, சுமார் 3 பாகை வலப்பக்கமாக எழும்பும். நீட்டிய கையின் நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 பாகை, சின்னவிரல் 1 பாகை.

இந்த நட்சத்திரம் இன்னொரு சோதனைக்கும் உதவும். நீங்கள் நிற்கும் இடத்தில் அது கண்ணுக்கே தெரியவில்லை என்றால் வடதொடுவானம் அன்று கெட்டுப்போயிருக்கிறது. அரை மணி நேரம் முன்பே தெரிந்துகொண்டால் வேறு கரைக்கு மாற நேரமிருக்கும்.

கைப்பேசிக் கொம்பாஸை நம்புவதென்றால் முதலில் அதை எட்டு வடிவில் சுழற்றிச் சரிசெய்யுங்கள். வாகனத்துக்கோ இரும்பு வேலிக்கோ பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 20 பாகை வரைகூடப் பிழை காட்டும்.

எல்லா ரொக்கெட்டும் ஒரே வழியாகவா போகும்?

இல்லை. நம் ஊருக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி. பயணம் எங்கே என்பதைப் பொறுத்து இரண்டு பெரிய வழிகள் உண்டு.

முதலாவது கிழக்கு வழி. தொலைத்தொடர்புச் செய்மதிகளைப் புவிநிலைப் பாதைக்கு (பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் உயரமான பாதை) அனுப்பும் ஜி.எஸ்.எல்.வி., எல்.வி.எம்.3 ரொக்கெட்டுகள் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்காகச் சாய்ந்து வங்காள விரிகுடாவுக்கு மேலால் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் வடக்கில் எழும்பி, வடகிழக்குப் பக்கம் சரிந்து, போகப் போகத் தூரமாகி மங்கும். பெரிதாக உயராது.

இரண்டாவது துருவ வழி. பூமியைக் கண்காணிக்கும் செய்மதிகள் வடக்கு–தெற்காகச் சுற்றவேண்டும். அதற்கு நேரே தெற்கே ஏவுவதுதான் சிக்கனம். ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர்தெற்கே இலங்கை இருக்கிறது. எரிந்து முடிந்த பாகங்கள் நம் நிலத்தில் விழக்கூடாது என்பதால், இந்தச் செய்மதிகளைக் கொண்டுபோகும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் முதலில் தென்கிழக்காக, சுமார் 140 பாகைத் திசையில் கிளம்பி, கடலுக்கு மேலே வந்தபின் தெற்கு நோக்கி வளைகிறது. இந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். தூக்கக்கூடிய பாரமும் குறையும்.

இந்த வளைவு நமக்கு நல்ல காட்சியைத் தருகிறது. துருவ வழியில் போகும் பி.எஸ்.எல்.வி. நமக்கு வடக்கில் எழும்பி, வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று அரை வானத்தைச் சுற்றி வரும். நம்மிலிருந்து 400 கி.மீ. தூரத்தில், 220 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு ரொக்கெட் 27 பாகை உயரத்தில் தெரியும், அதாவது ஏறத்தாழ மூன்று முட்டி. கடற்கரைக்குப் போகாதவர்கள்கூடக் கிழக்கே மரமில்லாத ஒரு தோட்டவெளியில் நின்றால் இந்தப் பகுதியைப் பார்க்கலாம்.

இரவில் ஏவும் பி.எஸ்.எல்.வி.யை எந்த ஒழுங்கில் பார்க்கவேண்டும்?

ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துச் செக்கனைச் சொல்ல, மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பதுதான் நல்ல முறை. பக்கவாட்டில் ஆறு துணைமோட்டர்கள் பூட்டிய வகைக்கு நேரங்கள் ஏறத்தாழ இப்படி வரும்:

60 செக்கன்: துருவ நட்சத்திரத்துக்குக் கீழே, வலப்பக்கம், கடல்மட்டத்தில் கண்ணை வையுங்கள்.

70 செக்கன்: தரையிலேயே பற்றவைத்த நான்கு துணைமோட்டர்கள் கழரும். தொடுவானத்தை ஒட்டி நடப்பதால் நமக்குத் தெரிவது அரிது.

92 செக்கன்: மீதி இரண்டும் கழரும். இந்த நேரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி தெளிவாக ஏறிக்கொண்டிருக்கவேண்டும்.

110 செக்கன்: முதற்கட்டம் முடியும். வெளிச்சம் திடீரென்று விழுந்துவிடும். "வெடித்துவிட்டது", "மப்புக்குள் போய்விட்டது" என்று பலர் இந்த இடத்தில்தான் நினைக்கிறார்கள். இரண்டுமே இல்லை. முதற்கட்டத்தில் எரிவது அலுமினியத் தூள் கலந்த திண்ம எரிபொருள். வெள்ளைச் சூடான துகள்கள் கோடிக்கணக்கில் வெளிவருவதால் அது கண்ணைப் பறிக்கும். இரண்டாம் கட்டத்தின் விகாஸ் எஞ்சின் திரவ எரிபொருளில் ஓடுவது. அதன் சுவாலை மங்கல்.

110 முதல் 260 செக்கன் வரை: மங்கலான புள்ளி வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே உயரும். வெறுங்கண்ணால் தொடரக் கஷ்டமாக இருந்தால் பைனோகுலரில் பிடியுங்கள். சுமார் 115 கி.மீ. உயரத்தில், இரண்டரை நிமிடமளவில், செய்மதியை மூடியிருக்கும் வெப்பக்கவசம் கழரும்.

265 செக்கன் அளவில்: மூன்றாம் கட்டம் பற்றும். இது மறுபடியும் திண்ம எரிபொருள். வெளிச்சம் திரும்ப வரக்கூடிய இடம் வடக்கு அல்ல. கிழக்கு–வடகிழக்கிலிருந்து கிழக்கு வரை, 25 முதல் 35 பாகை உயரத்தில். வடக்கையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களும், "முடிந்துவிட்டது" என்று சைக்கிளைத் திருப்புபவர்களும் இதைத் தவறவிடுகிறார்கள். நாலரை நிமிடம் பொறுத்து, உடம்பைக் கிழக்கே திருப்பி நில்லுங்கள். மூன்றாம் கட்டம் அணைந்தபின் ரொக்கெட் சில நிமிடம் எரியாமலே மிதந்துபோகும். நான்காம் கட்டத்தின் சிறிய எஞ்சின்கள் பற்றும்போது அது நமக்கு எட்டாத தூரத்தில் தெற்கே போயிருக்கும்.

எல்.வி.எம்.3 இதைவிடப் பெரியது. கூடப் பிரகாசமாகத் தெரியுமா?

முதல் இரண்டு நிமிடம், ஆம். இரண்டு பெரிய திண்ம மோட்டர்கள், ஒவ்வொன்றிலும் 200 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருள். சுமார் 60 கி.மீ. உயரத்தில் அவை கழரும். நமக்கு அது ஆறு பாகைக்குக் கிட்ட, அதாவது மூன்று விரல் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதன் பின் விகாஸ் எஞ்சின்கள், அதற்கும் பின் ஐதரசன் எரியும் குளிர்நிலை எஞ்சின். ஐதரசன் சுவாலை கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாதது. ஆகவே எல்.வி.எம்.3 பார்ப்பதென்றால் வடதொடுவானம் கட்டாயம் சுத்தமாக இருக்கவேண்டும். கிழக்கே காத்து நின்று பயனில்லை.

விடியப்புறத்தில் வானத்தில் பெரிய ஜெல்லிமீன் போல வெளிச்சம் படர்கிறதே, அது என்ன?

ரொக்கெட்டின் புகை. நிலத்தில் இன்னும் இருட்டு. ஆனால் 60, 100 கி.மீ. உயரத்தில் ஏற்கனவே வெயில். ரொக்கெட் பூமியின் நிழலைத் தாண்டி அந்த வெயிலுக்குள் நுழையும்போது வாயுவும் துகள்களும் ஒளிர்கின்றன. மேலே காற்று இல்லாததால் புகை ஒடுங்கி நிற்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு விரிகிறது. ஏவுதல்களில் இதைவிட அழகான காட்சி கிடையாது. இதற்காகவே ஒரு விடியலைச் செலவழிக்கலாம்.

சூரியன் தொடுவானத்துக்கு 6 முதல் 12 பாகை கீழே இருக்கும்போது இது நன்றாக வரும். யாழ்ப்பாணத்தில் அது சூரிய உதயத்துக்கு முந்திய 50 முதல் 25 நிமிடம், அல்லது பொழுது பட்டு 25 முதல் 50 நிமிடம். நாம் பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. மம்மல் பொழுது சீக்கிரம் கரைந்துவிடும்.

மணிக்கூட்டு நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2022 பெப்ரவரி 14ஆம் திகதி பி.எஸ்.எல்.வி. சி52 காலை 5:59க்கு ஏவப்பட்டது. அந்த நாட்களில் இங்கே சூரிய உதயம் 6:30 அளவில். சூரியன் 8 பாகை கீழே. ஏறத்தாழ 60 கி.மீ.க்கு மேல் எல்லாம் வெயில். மிகப் பொருத்தமான நேரம். 2025 மே 18ஆம் திகதி பி.எஸ்.எல்.வி. சி61 உம் அதே 5:59க்குத்தான் ஏவப்பட்டது. ஆனால் மே நடுப்பகுதியில் நமக்கு 5:50க்கே சூரியன் வந்துவிடும். வெளிச்ச வானத்தில் அந்தக் காட்சிக்கு இடமே இல்லை. (சி61 மூன்றாம் கட்டத்தில் தோல்வியடைந்தது, அது வேறு விடயம்.)

பகல் ஏவுதல்?

சந்திரயான்-3 பிற்பகல் 2:35க்கும் ஆதித்யா-எல்1 முற்பகல் 11:50க்கும் போயின. 450 கி.மீ. தூரத்துக் கடல் ஆவிக்குள் பகலில் வெள்ளைப் புகைக்கோட்டைப் பிரித்தறிவது ஏறத்தாழ முடியாத காரியம். நேரலையில் பாருங்கள்.

சத்தம் கேட்குமா?

கேட்காது.

எந்த இடத்தில் நிற்கலாம்?

கிழக்கு வழிக்கு வடக்கு நோக்கிய கரை வேண்டும்: பருத்தித்துறை முனை, வல்வெட்டித்துறை, தொண்டைமானாற்றுக் கடற்கரை, கீரிமலைப் பக்கம், காரைநகர் கசூரினா. கசூரினாவில் சவுக்கு மரங்களை முதுகுக்குப் பின்னால் விட்டு நீர்விளிம்பு வரை போங்கள். துருவ வழிக்கு வடக்கும் கிழக்கும் ஒருங்கே திறந்த இடம் வேண்டும். முனையும் அதற்குத் தெற்கே மணற்காடும் அதற்கென்றே அமைந்தவை. மணற்காட்டு மணல்மேட்டில் ஏறி நின்றால் தொடுவானம் கொஞ்சம் விரியும், அலைத்திவலையும் லென்ஸில் படாது.

வெளிச்சவீட்டுக்கு நேரே நிற்பதைத் தவிருங்கள். சுழலும் ஒளி கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்கும். ஊருக்குள் நிற்பதானால் பனையும் வடலியும் எத்தனை பாகையை மறைக்கின்றன என்று முட்டியால் அளந்து பாருங்கள். 500 மீற்றர் தூரத்தில் நிற்கும் 25 மீற்றர் பனை மூன்று பாகையை விழுங்கும், எல்.வி.எம்.3 காட்சியில் அது பாதி.

காங்கேசன்துறை, பலாலிப் பக்கங்களில் படையினர் இருக்கும் பகுதிகள் உண்டு. இரவில் கமெராவுடன் போவதானால் அனுமதிக்கப்பட்ட கரை எது என்று பகலிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

எந்த மாதங்கள் நல்லவை?

ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மாரி; வாடைக்காற்றோடு மப்பு வருவது வடக்கு, வடகிழக்கிலிருந்துதான், அதாவது நாம் பார்க்கவேண்டிய பக்கத்திலிருந்து. ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை வானம் நன்றாக வெளித்திருக்கும், ஆனால் விடியப்புறப் பனிமூட்டம் தொடுவானத்தைத் தின்னும். சோழகம் வீசும் மாதங்களில் மழை குறைவு, புழுதிதான் தொல்லை. செய்மதி மப்புப் படத்தில் யாழ்ப்பாணத்தை மட்டும் பார்க்காதீர்கள். ரொக்கெட் போகும் கோட்டுக்கும் நமக்கும் இடைப்பட்ட கடலைப் பாருங்கள். தலைக்கு மேல் வெளி, வடக்கே 100 கி.மீ. தள்ளி ஒரு முகில்கூட்டம் என்றால் முதல் நான்கு பாகையும் போய்விடும்.

நேரலையைப் பார்த்து நேரம் பிடிக்கலாமா?

கூடாது. யூடியூப் நேரலை 10 செக்கன் முதல் அரை நிமிடத்துக்கு மேலும் பிந்தி வரும்; கரையோரத்தில் சிக்னல் குறைந்தால் இன்னும் பிந்தும். "இப்போதுதான் கிளம்புகிறது" என்று திரை சொல்லும்போது ரொக்கெட் கிளம்பிப் பல செக்கன் ஆகியிருக்கும், உங்கள் எண்ணிக்கை பிழைத்துவிடும். கைப்பேசி மணிக்கூட்டைத் தானாகச் சரிசெய்ய விட்டு, அறிவித்த நேரத்திலிருந்து செக்கன் எண்ணுங்கள். ஏவுதல் பிற்போடப்பட்டதா என்று அறிய மட்டும் நேரலையை ஒருவர் கேட்கட்டும்.

இலங்கை நேரமும் இந்திய நேரமும் 2006 முதல் ஒன்றுதான். எதையும் கூட்டிக் கழிக்கத் தேவையில்லை.

சின்னப் பிற்போடல்கள் சாதாரணம். 2024 டிசம்பர் 30 இரவு, ஸ்பேடெக்ஸ் விண்கலங்களுடன் சென்ற பி.எஸ்.எல்.வி. சி60 இன் ஏவுதல் 9:58இலிருந்து 10 மணிக்கு மாற்றப்பட்டது. அறிவித்த நேரத்துக்குப் பின் குறைந்தது பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

எந்த வழியாகப் போகும் என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது?

ஏவுதலுக்குச் சில நாள் முன்பு விமானிகளுக்கும் கடலோடிகளுக்கும் அபாய வலய அறிவித்தல் வெளியிடப்படும். விமானிகளுக்கானதை நோட்டாம் என்பார்கள். அதில் கழிந்த பாகங்கள் விழக்கூடிய கடற்பரப்புகளின் அகலாங்கு, நெட்டாங்கு இருக்கும். ஒரு வரைபடத்தில் 13.7 வடக்கு, 80.2 கிழக்கு என்ற இடத்தில் புள்ளி வைத்து, அந்த வலயங்களுக்குக் கோடு இழுங்கள். கோடு கிழக்கே போனால் வடதொடுவானக் காட்சி. தென்கிழக்கே போய்த் தெற்கே திரும்பினால் அரை வானக் காட்சி. நாள்தோறும் தரப்படும் நாலு மணி நேர அவகாசம் விமானங்களை விலக்கி வைப்பதற்கானது; உண்மையான ஏவு நேரத்தை இஸ்ரோவின் அறிவிப்பில் பாருங்கள்.

கைப்பேசியில் படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ட்ரைபொட்டில் பூட்டினால். கையில் பிடித்தால் ஆறு பாகைக்குள் நடக்கும் காட்சி ஒரு நடுங்கும் புள்ளியாகவே வரும். புரோ முறையில் ஐ.எஸ்.ஓ. 800, திறப்பு நேரம் 10 செக்கன், குவியம் முடிவிலி. அதிவிரிவு லென்ஸை விட்டுப் பிரதான லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

கமெரா என்றால் எல்.வி.எம்.3, ஜி.எஸ்.எல்.வி.க்கு 50 மி.மீ. லென்ஸ், பி.எஸ்.எல்.வி. துருவ வழிக்கு 24 மி.மீ. அல்லது அதைவிட விரிந்தது. நல்ல இருட்டில் எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 400, 30 செக்கன் வீதம் தொடர்ச்சியாக எடுத்துப் பின்னர் அடுக்குங்கள். ஒரே படமாக நாலு நிமிடம் திறந்து வைத்தால் மீன்பிடி வெளிச்சம் தொடுவானத்தை வெளிற வைத்துவிடும். விடியப்புறப் புகைக்கு 1 அல்லது 2 செக்கன் போதும். அதற்கு மேல் போனால் மெல்லிய வளையங்கள் அழிந்துபோகும். தானியங்கிக் குவியத்தை நிறுத்துங்கள்: இருட்டில் அது தேடித் தேடியே முக்கியமான செக்கன்களை வீணாக்கும். தூரத்து நட்சத்திரம் ஒன்றில் கையால் குவித்து, வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். கரையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸைத் துடையுங்கள். உப்புப் படிவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் எல்லா வெளிச்சத்தைச் சுற்றியும் பரிவட்டம் கட்டும்.

பைனோகுலரில் 7×50 அல்லது 10×50 போதும். சூரிய உதயம் நெருங்கினால் கிழக்கே திருப்பாமல் கீழே வையுங்கள்.

வடக்கே தெரிவதெல்லாம் ரொக்கெட்டா?

பெரும்பாலும் இல்லை. தொடுவானத்தில் வரிசையாக அசையாமல் நிற்பவை வள்ளங்களும் இழுவைப் படகுகளும். சிமிட்டுபவை விமானங்கள். தைப்பொங்கலை ஒட்டிய இரவுகளில் வல்வெட்டித்துறைப் பக்கம் மின்குமிழ் கட்டிய பட்டங்கள் ஏறியிருக்கும். அவை ஒரே இடத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். எரிவெள்ளி இரண்டு மூன்று செக்கனில் முடிந்துவிடும். ரொக்கெட் சிமிட்டாது, ஆடாது, ஒரு நிமிடத்துக்கு மேல் நிதானமாக வலப்பக்கம் சரிந்துகொண்டு ஏறும். மம்மல் நேரத்தில் விரியும் புகையைக் கண்டு, அன்று ஏவுதல் எதுவும் அறிவிக்கப்படவில்லை என்றால், ஏவுகணைச் சோதனையாக இருக்கலாம். ஒடிசாக் கரையிலிருந்து இந்தியா அவற்றைச் செய்கிறது. நோட்டாமில் அதற்கும் வலயம் இருக்கும்.

காலையில் ஏவிய செய்மதியை அன்றிரவே பார்க்கலாமா?

பெரும்பாலான பி.எஸ்.எல்.வி. செய்மதிகளுக்கு இல்லை. முதல் சுற்று முடிந்து ஏறத்தாழ 100 நிமிடத்தில் அது வரும்போது பூமி 25 பாகை திரும்பியிருக்கும். அதன் பாதை நமக்கு மேற்கே 2,700 கி.மீ. தள்ளிப்போய்விடும். மறுபடி நமக்கு மேலே வர ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். முற்பகல் 9:30, 10:30 நேரத்தில் நம்மைக் கடக்கும்படி அமைத்த செய்மதி இரவு 9:30, 10:30க்குத்தான் திரும்ப வரும். அப்போது அது பூமியின் நிழலுக்குள் இருக்கும். செய்மதிக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. வெயில் பட்டால்தான் தெரியும்.

அப்படியென்றால் எந்த நேரத்தில் பார்க்கவேண்டும்?

நிலத்தில் இருட்டு, மேலே வெயில் என்ற இடைவெளியில். யாழ்ப்பாணத்தில், தலைக்கு மேலே 200 கி.மீ. உயரத்தில் போகும் கலத்துக்குப் பொழுது பட்டு சுமார் 55 நிமிடம் வரை வெயில் படும். 300 கி.மீ. என்றால் 70 நிமிடம். 400 கி.மீ. என்றால் 80 நிமிடம். விடியப்புறத்திலும் இதே கணக்கு, தலைகீழாக. ஏவிய புதிதில் கலங்கள் தாழ்வாகவே சுற்றும் என்பதால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு மணிநேரத்தைச் சுற்றித்தான்.

ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஜூன் மாத நள்ளிரவில் பார்த்ததாகச் சொன்னால் அது உண்மையாக இருக்கலாம். அங்கே கோடையில் சூரியன் ஆழமாக இறங்குவதில்லை. அதே கலத்தை நாம் நள்ளிரவில் தேடுவது வீண்.

வரிசையாகப் போகும் வெளிச்சங்கள் ஸ்டார்லிங்கா?

ஆம். அவை இணையச் சேவைக்கான ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் செய்மதிகள். 2019 மே மாதம் முதற் தொகுதியாக 60 செய்மதிகள் போயின. அன்றிலிருந்து ஃபால்கன்-9 ரொக்கெட்டில் தொகுதி தொகுதியாகப் போகின்றன. சுமார் 300 கி.மீ. உயரத்தில் விடப்பட்டு, பின்னர் மெல்ல மேலே ஏறும். முதல் ஓரிரு நாளில் நெருக்கமான ஒளிக்கோடு. நாலைந்து நாளில் இடைவெளி விழுந்த புள்ளிகள். அதன் பின் தனித்தனியாகப் பிரிந்து மங்கிவிடும். மாலையில் அவை கிழக்கே போகும்போது நடுவானத்தில் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே இடத்தில் மறைவதைப் பார்க்கலாம். அந்த இடம் பூமியின் நிழலின் விளிம்பு.

விண்வெளி நிலையத்தைத் துரத்திப்போகும் கலத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புதிதாக ஏவிய கலம் நிலையத்தைவிடத் தாழ்ந்த பாதையில், ஆகவே வேகமாக, பின்னாலிருந்து நெருங்கும். முதலில் சர்வதேச விண்வெளி நிலையம் பிரகாசமாகக் கடக்கும். கலம் சில நிமிடம் பிந்தி வரும். அந்த நிமிடங்களில் பூமி திரும்பிவிடுவதால் அதன் பாதை மேற்கே தள்ளியிருக்கும். நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை, நிலத்தில் 110 கி.மீ. நிலையம் தலைக்கு மேலே போய், கலம் பத்து நிமிடம் பிந்தினால் 275 கி.மீ. மேற்கே பார்க்கவேண்டும்.

ரஷ்யாவின் சோயுஸ் கலம் இப்போது மூன்று மணிநேரத்திலேயே சேர்ந்துவிடுவதுண்டு. அதைப் பிடிக்க நேரம் பொருந்தவேண்டும். டிராகன் கலங்கள் வழக்கமாக அரை நாளுக்கு மேல் எடுக்கும், ஆகவே வாய்ப்பு அதிகம். சீனாவின் தியாங்கொங் நிலையம் 41.5 பாகைச் சாய்வில் சுற்றுவது; அதைத் துரத்தும் ஷென்சோவுக்கும் இதே கணக்குத்தான்.

செயலி காட்டிய நேரத்தில் வரவில்லையே?

மூன்று காரணங்கள். ஒன்று, இடம் பதியாமல் விட்டது: ஹெவன்ஸ்-அபவ் போன்ற தளத்தில் 9.67, 80.02 என்று கொடுத்து, நேரவலயம் கொழும்பு என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டு, பழைய தரவு: ஏவிய முதல் நாட்களில் பாதை மாறிக்கொண்டே இருக்கும். அன்றைய தரவைச் செய்மதிப் பாதைகளை வெளியிடும் செலஸ்ட்ராக் தளத்திலிருந்து புதுப்பியுங்கள். நேற்றைய தரவென்றால் குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்தே பாருங்கள். பிழை பெரும்பாலும் நேரத்தில்தான் வரும், பாதையில் குறைவு. மூன்று, அந்தக் கலம் உங்களுக்கு 20 பாகைக்குக் கீழே போகிறது. கூரையும் மரமும் மறைத்துவிடும்.

இராவணா-1 ஐப் பார்த்திருக்க முடியுமா?

இலங்கையின் அந்த முதற் செய்மதி 2019 ஏப்ரலில் நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று சுற்றுப்பாதையில் விடப்பட்டது. பக்கத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவான பெட்டி அது. வெறுங்கண்ணுக்கு எட்டாது.

குலசேகரன்பட்டினம் வந்தால் நமக்கு என்ன மாறும்?

நிறைய. தூத்துக்குடி மாவட்டத்தில் அமையும் அந்த ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய எஸ்.எஸ்.எல்.வி. ரொக்கெட்டுகளுக்கானது. அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வராது, வளையத் தேவையில்லை. நம்மிலிருந்து சுமார் 255 கி.மீ., தென்மேற்குக்கும் மேற்குக்கும் நடுவே. ஐந்து கி.மீ. ஏறியதுமே நமது தொடுவானத்தை எட்டும்; 60 கி.மீ. உயரத்தில் 12 பாகை, அதாவது ஸ்ரீஹரிகோட்டாக் காட்சியைப்போல் இரு மடங்கு. முதல் மூன்று கட்டங்களும் திண்ம எரிபொருள் என்பதால் இடையில் மங்கிப்போகும் பிரச்சினையும் குறைவு. பார்க்கவேண்டிய கரை மாறும்: பண்ணைப் பாலம், ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நெடுந்தீவு. காட்சி இடப்பக்கமாக, தெற்கு நோக்கி நகரும்.

கரையில் ரொக்கெட் பாகம் போல ஏதாவது ஒதுங்கினால்?

தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கழிந்த பாகங்கள் கடலில் நெடுந்தூரம் மிதந்து போகும். 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியக் கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டமாக இருக்கவேண்டும் என்று அந்நாட்டு விண்வெளி முகவரகம் அறிவித்தது. தாங்கிகளில் ஐதரசீன் வகை எரிபொருள் எஞ்சியிருந்தால் அதன் ஆவியே நஞ்சு. மீன் நாற்றமோ அமோனியா நாற்றமோ வந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். வெட்டவோ இரும்புக்கு விற்கவோ முயலாமல், தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக் கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள்.